அப்பா தூங்கும் வீட்டுப் பிள்ளை

எழுத எனக்குத் தகுதி கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைச் சொல்லவே நாக்கு உலர்ந்துவிடும். கல்யாண வீட்டில் பந்தியின் கடைசி இலையைப் பார்த்து உட்காருகிற ஆள் நான். நான் வேலை பார்க்கும் பள்ளியின் சின்ன மிஸ்தான், "வாயால சொல்ல வரலைன்னா எழுதிப் பாருங்க ஆயாம்மா" என்றார். படித்தவர்கள் எழுத வேண்டியதை நான் எழுதுகிறேனே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. தப்பாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். இராஜபாளையத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில், எல்.கே.ஜி. வகுப்புக்கு ஆயாவாக இருக்கிறேன். காலையில் பஸ் ஏறிவிடுவேன். எதிரே வரும் பஸ்களில் மில்லில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே போவார்கள். சிலருடைய தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். பார்த்துப் பார்த்து அது கண்ணில் படாமலே போயிருந்தது.

எங்கள் வகுப்பு மாடியில், தகரக் கூரையின் கீழ் இருக்கிறது. பத்து மணிக்கே அனல் இறங்கும். பிள்ளைகள் வந்ததும் செருப்பைக் கழற்றி வரிசையில் வைக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டும். பிறகு கைகூப்பி நின்று கடவுள் வாழ்த்து. அதற்குள் ஒரு பிள்ளை அழுதுவிடும். ஒன்று அழுதால் பக்கத்தில் இருப்பதும் அழும், காரணமே இருக்காது. மூக்கைச் சிந்திவிடுவது, வாந்தியைத் துடைப்பது, ஈரமான டிரவுசரை அவிழ்த்து வேறு மாட்டுவது எல்லாம் என் வேலை. சின்ன மிஸ் போர்டில் நிற்கிற கோடு, படுக்கிற கோடு, வளைந்த கோடு போடுவார். அது முடிந்தால் நிறங்கள், பிறகு பாட்டு. பாட்டுகளைச் சின்ன மிஸ் அவரே கட்டிச் சொல்லிக்கொடுப்பார். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். பிள்ளைகளுக்கு யானைப் பாட்டுதான் ரொம்பப் பிடிக்கும். கடைசியில் எல்லோரும் ஒரு கையைத் தும்பிக்கை மாதிரி தூக்கிக் கத்த வேண்டும். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஓரிருவர் உண்டு. அவர்கள் தாகம் எடுத்தால் "நீள்ளு, நீள்ளு" என்பார்கள். அது எனக்கு இப்போது பழகிவிட்டது. பன்னிரண்டரைக்கு எல்.கே.ஜி. விட்டுவிடும். அதற்குப் பிறகு நான் மாடியைக் கழுவி, கீழே பெரிய வகுப்புகளுக்குப் போய்விடுவேன்.

போன வருஷம் சேர்ந்த பிள்ளைகளில் ஒருத்தி பேசவே மாட்டாள்.

அழவும் மாட்டாள். முதல் நாள் அம்மா விட்டுவிட்டுப் போனபோது, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது. சத்தம் வரவில்லை. நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைப்பாள். டிபன் டப்பாவை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து, மூடி சத்தம் போடாமல் திறப்பாள். இருமல் வந்தால் பாவாடையை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வாள். நாலு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பதவிசு எப்படி வந்தது என்று முதலில் நாங்கள் மெச்சிக்கொண்டோம். வருகை எடுக்கும்போது அவள் கையை மட்டும் தூக்குவாள். பக்கத்தில் இருக்கும் பையன் அவளுக்காக, "பிரசன்ட் மிஸ்" என்பான். அவளுக்கு ஒன்றுக்கு வந்தாலும் அவன்தான் சொல்வான். மற்ற பிள்ளைகள், "ஊமைக்கோட்டான், ஊமைக்கோட்டான்" என்று கேலி செய்தன. சின்ன மிஸ் அதட்டியபிறகு அது அடங்கியது.

ஊமை இல்லை என்று எனக்கு ஒரு நாள் தெரிந்தது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்டிருந்தார்கள். பாத்ரூம் அதிரும் அளவுக்குச் சத்தம். அவளை உள்ளே விட்டுவிட்டு வெளியே நின்றேன். கதவு இடுக்கில் பார்த்தால் அவள் உதடு அசைந்துகொண்டிருக்கிறது, ஒரு கை தும்பிக்கையாகத் தூக்கியிருக்கிறது. காதைக் கதவில் வைத்துக் கேட்டேன். யானைப் பாட்டு, ஒரு வார்த்தை விடாமல். மோட்டார் நின்றது, பாட்டும் நின்றது. ஓடிப்போய்ச் சின்ன மிஸ்ஸிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால், "எனக்குக் கேட்டாப் போதாது ஆயாம்மா, பெரிய மிஸ்ஸுக்குக் கேக்கணுமே" என்றார்.

பெரிய மிஸ் என்பது பள்ளியை நடத்தும் அம்மா. வருஷக் கடைசியில் அவர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிடுவார். பெயர், ஐந்து நிறம், ஒரு பாட்டு சொல்ல வேண்டும். சொல்லாத பிள்ளையை யு.கே.ஜி.க்கு ஏற்ற மாட்டார். அவர் கெட்டவர் இல்லை. பேசாத பிள்ளையை மேலே ஏற்றினால் அங்கே இருக்கும் டீச்சர் திண்டாடுவார், மற்ற பிள்ளைகளின் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். அதெல்லாம் முன்பு நடந்திருக்கிறது.

பொங்கல் கழிந்து அந்தப் பிள்ளையின் அப்பாவையும் அம்மாவையும் வரச் சொன்னார். வகுப்பில் வைத்தே பேசலாம், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அவர்களும் பார்க்கட்டும் என்றார்.

அம்மாவை எனக்குத் தெரியும். தினமும் கேட்டில் பார்ப்பவள். பேண்டேஜ் கம்பெனியிலிருந்து துணி வாங்கி வந்து வீட்டில் சுற்றிக் கொடுக்கிறவள். அப்பாவை அன்றுதான் முதலில் பார்த்தேன். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார். ஒல்லியான ஆள். பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சில் முழங்காலை மடக்கி, கையைக் கட்டி உட்கார்ந்தார். பெரிய மிஸ் வரக் கொஞ்சம் தாமதமானது. அதற்குள் அவர் தலை சாய்ந்துவிட்டது. வாய் திறந்து, லேசாகக் குறட்டை.

பெரிய மிஸ் வந்தார். கணவரை எழுப்பப் போன அம்மாவைக் கையமர்த்திவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டார்.

"வாட் இஸ் யுவர் நேம்? உன் பேர் என்ன கண்ணு?"

பிள்ளை ஒரு தரம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெரிய மிஸ்ஸைப் பார்த்து, ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து, பேசாதே என்று காட்டினாள்.

வகுப்பே சிரித்தது. சின்ன மிஸ்ஸும் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. சிரித்த பிள்ளைகள் பக்கம் திரும்பி அவர்களுக்கும் விரலைக் காட்டினாள். முகத்தில் அப்படி ஒரு பயம். பிள்ளைகள் ஒவ்வொன்றாக அடங்கிவிட்டன. அந்த வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அப்பாவின் குறட்டை மட்டும் கேட்டது.

அம்மாக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாந்தான் மிஸ் பழக்குனேன். லைன் வீடு, ஒத்த ரூமு. அவிய காலையில வந்து படுத்தா சாயங்காலந்தான் எந்திரிப்பாக. எந்திரிச்சதும் கடைக்கு மூட்டை எறக்கப் போயிருவாக. அங்கன இருந்து அப்படியே மில்லு. பச்சப்பிள்ளையில இருந்தே வாயைப் பொத்திப் பொத்தி வளத்தேன். அப்பா தூங்குதாக, அப்பா தூங்குதாகன்னு. தூக்கம் கெட்டா மிஷின்ல நிக்க முடியாதுல்லா."

"ஞாயித்துக்கிழமை?" என்றார் பெரிய மிஸ்.

"அன்னைக்கும் தூங்குவாக மிஸ். இவ அவியளை முழிச்சிருந்து பாத்ததே கொறைச்சல்."

பெரிய மிஸ் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "எனக்குப் புரியுதும்மா. ஆனா பேசாம எப்படி மேல ஏத்துறது? பரீட்சை வரைக்கும் பாக்கேன். அப்பவும் பேசலைன்னா இதுக்குன்னு தனி ஸ்கூல் இருக்கு, அங்க சேத்துருங்க" என்றார்.

இதற்குள் அப்பா விழித்துவிட்டார். மனைவி சொன்னதும் மிஸ் சொன்னதும் காதில் விழுந்திருக்கும் போல. எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்தார்.

"நான் முழிச்சிருந்தா பேசுவாளா மிஸ்?"

"பேசலாம். யாருக்குத் தெரியும்."

"அப்ப முழிச்சிருக்கேன்" என்றார். ஏதோ கடையில் சாமான் வாங்கி வருகிறேன் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் பன்னிரண்டரை மணிக்குக் கேட்டில் நின்று பிள்ளையின் அம்மா எனக்குச் சொன்னவை. பிள்ளை பள்ளிக்குப் போனபின் அவர் சற்றுப் படுத்து, அவள் வீட்டுக்கு வருவதற்குள் எழுந்துவிடுவார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். முதல் நாள் பிள்ளை வாசலிலேயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். பிறகு கிட்டே போய், காதோடு காதாக, "தூங்கலையாப்பா?" என்று கேட்டாளாம். "அவிய அழுதுட்டாகக்கா" என்றாள்.

நாள் போகப் போகப் பேச்சு கூடியது. ஆனால் அவர் கண் திறந்திருக்க வேண்டும். கண் செருகினால் பிள்ளை பாதி வார்த்தையில் நிறுத்திவிடுவாள். இரண்டு விரலால் அவர் இமையைப் பிரித்துப் பார்ப்பாள். திறந்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் அவர் முகத்தைக் கழுவிக் கழுவி வந்து உட்காருவாராம். கடுங்காப்பி குடிப்பாராம்.

"பக்கத்து வீட்டுக்காரி கேக்கா, ஏட்டி, ஒன் வீட்டுக்காரரு என்ன, மகளைப் பேச விட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டு உக்காந்துருக்காருன்னு" என்று சொல்லி அவளே சிரித்தாள்.

"நீயே பேச வைக்கலாம்லா? வெளிய கூட்டிட்டுப் போயி?" என்றேன்.

"பாத்தேன்க்கா. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கயும் வாயைப் பொத்திக்கிட்டுதான் நிக்கா. எங்கிட்ட வரமாட்டேங்கு. அவிய கண்ணைப் பாத்தாத்தான் வருது."

வகுப்பில் எங்களுக்கும் தெரிய ஆரம்பித்தது. முதலில் "ம்" என்றாள். பிறகு ஒரு நாள் பக்கத்துப் பையனைப் பார்த்து, "தள்ளிக்கோ" என்றாள். அவன் தள்ளவில்லை, மிரண்டு போய் மிஸ்ஸிடம் ஓடினான். "மிஸ், இது பேசுது!" என்று கத்தினான். சின்ன மிஸ் அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். நான் ஒன்றும் செய்யவில்லை, அங்கேயே நின்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வந்தாலும் எனக்கு அதைக் காட்டத் தெரியாது.

பிறகு அவள் தண்ணீர் கேட்டாள். பென்சில் உடைந்துவிட்டது என்றாள். எல்லாம் மெதுவான குரல்தான். வருகை எடுக்கும்போது பையனை முந்திக்கொண்டு ஒரு நாள் அவளே சொன்னாள். அவனுக்கு வருத்தம். "நாந்தானே சொல்லுவேன்" என்று அழுதான்.

மாசி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம், பிள்ளையை அழைத்துப்போக அவள் அப்பாவே வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றார். கண் உள்ளே போயிருந்தது. நான் பேசாமல் பிள்ளையை ஒப்படைத்திருக்கலாம். ஆனால் அன்று என்னவோ வாய் வந்துவிட்டது.

"நீங்க எப்பத்தான் தூங்குதீக?"

"தூங்குதேன்க்கா. காலையில வந்து கொஞ்சம். மிச்சம் இவ சாப்புட்டு முடிச்சு, பாட்டெல்லாம் சொல்லி முடிச்ச பொறவு."

"அதுக்குள்ள மூட்டை எறக்கப் போற நேரம் வந்துருமே."

"பரீட்சை முடியட்டும்க்கா. பொறவு ஒரேயடியாத் தூங்கிக்கிடுதேன்." சிரித்தார். "இது இங்கிலீஷ் படிச்சுட்டா மில்லுப் பக்கம் வரவேண்டாம் பாருங்க. அம்புட்டுதான்."

பிள்ளை சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து, திரும்பி அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே போனாள். வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பும் வரை அவள் வாய் அசைவது தெரிந்தது.

பரீட்சை நாள் வந்தது. பிள்ளைகளுக்கு அது பரீட்சை என்று தெரியாது. தலைக்கு எண்ணெய் தடவி, பவுடர் போட்டு, புது ரிப்பன் கட்டி வந்தார்கள். ஒருத்தன் வழியிலேயே நிறங்களை மறந்துவிட்டு எல்லாவற்றுக்கும் "ரெட்டு" என்றான். அவனைக்கூடப் பெரிய மிஸ் ஏற்றிவிட்டார்.

அந்தப் பிள்ளையை அவள் அம்மா கூட்டி வந்தாள். பிள்ளை பளிச்சென்று இருந்தாள். இரட்டைச் சடை, வெள்ளை ரிப்பன், தேய்த்த சட்டை. அம்மா முந்தைய நாள் கட்டிய சேலையில் இருந்தாள். தலை வாரவில்லை. பரீட்சைக் கவலை போல என்று நினைத்தேன். வழக்கமாகக் கேட்டோடு நின்றுவிடுகிறவள் அன்று மாடிவரை ஏறி வந்து, வகுப்பு வாசலில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

பிள்ளையின் முறை வந்தது. பெயரைக் கேட்டார், சொன்னாள். நிறங்களைக் கேட்டார், ஐந்தும் சொன்னாள். பாட்டு என்றார். அவள் ஆரம்பித்தாள். பெரிய மிஸ்ஸுக்குப் பாட்டு கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் வழக்கம் உண்டு. மூடிக்கொண்டார். பிள்ளை நிறுத்திவிட்டாள்.

என்ன ஆயிற்று என்று யாருக்கும் புரியவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துச் சின்ன மிஸ் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். பிள்ளை வாய் திறக்கவில்லை. வாசலில் இருந்து அம்மாதான் சொன்னாள். குரல் கரகரவென்று இருந்தது.

"மிஸ், கண்ணைத் தொறங்க மிஸ்."

பெரிய மிஸ் கண்ணைத் திறந்தார். பிள்ளை முதலிலிருந்து ஆரம்பித்தாள். கடைசியில் கையைத் தூக்கிக் கத்தினாள். நிஜமாகவே கத்தினாள். கீழே இருந்த யு.கே.ஜி. மிஸ் என்னவென்று எட்டிப் பார்த்தார். பெரிய மிஸ் கை தட்டினார். பிள்ளைகளும் தட்டின. "பாஸ். யு.கே.ஜி. போகலாம்" என்றார்.

நான் சந்தோஷமாக வாசலுக்குத் திரும்பினேன். அந்தப் பெண் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போனேன். கேட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவியளுக்குக் கை போயிருச்சுக்கா."

எனக்குப் புரியவில்லை.

"வெடியக்காலம். பஞ்சைச் சீவுற கார்டிங் மிஷின்ல. செத்த நேரம் கண்ணு அசந்துட்டாகன்னு கூட நின்னவிய சொல்லுதாக. வலது கை. கட்டை வெரலு மட்டுந்தான் இருக்காம். மதுரைக்குக் கொண்டு போயிட்டாக. எங்கொழுந்தன் கூடப் போயிருக்கான்."

"நீ போகாம இங்க எதுக்குட்டி வந்தே?"

"இன்னைக்கு விட்டா பொறவு யாரு இவளைக் கூப்புட்டுக் கேப்பா?" என்றாள். "அவியளும் கேப்பாகல்லா. என்னாச்சுன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவளும் சத்தம் போடாமல்தான் அழுதாள். பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், பக்கத்து வீட்டுப் பெண் வந்து கூட்டிப் போவாள் என்று சொல்லிவிட்டு, மதுரை பஸ்ஸுக்குப் போனாள். நான் கையில் இருந்த துடைப்பத்தோடு நின்றேன்.  

தூக்கம் கெட்டதால்தான் இப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தூங்கிவிட்டுப் போகிறவர்களுக்கும் மில்லில் விரல் போயிருக்கிறது. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். பெரிய மிஸ் சொன்னதிலும் தப்பு இல்லை. பிள்ளையின் அப்பா முழித்திருந்ததிலும் தப்பு இல்லை. யாரைச் சொல்வது? அன்று சின்ன மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் கலர் அடித்துக்கொண்டிருந்தன. வெகுநேரம் அவர் போர்டுப் பக்கமே போகவில்லை.

பன்னிரண்டரைக்கு எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். அவளைக் கூப்பிட யாரும் வரவில்லை. மாடிப்படியில் என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அன்றைக்கென்று பேச்சு பெருகியது. இத்தனை நாளும் சேர்த்து வைத்தது எல்லாம் வருகிற மாதிரி. ரிப்பனைப் பற்றிச் சொன்னாள். வீட்டு ஓட்டில் நடக்கும் பூனையைப் பற்றிச் சொன்னாள். பிறகு அப்பாவிடம் வந்தாள்.

"எங்கப்பா இப்பல்லாம் தூங்கவே மாட்டாக, தெரியுமா?"

"அப்படியா தாயி."

"முழிச்சே இருப்பாக. நான் போயி பாஸுன்னு சொல்லணும். அவிய என்னைத் தூக்குவாக." சற்று யோசித்துவிட்டு, "ரெண்டு கையாலயும் தூக்குவாக" என்றாள்.

நான் அவள் சடையை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டேன். பின்ன வேண்டிய அவசியம் இல்லை, நன்றாகத்தான் இருந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வெயில் படியை விட்டு இறங்கிய பிறகு பக்கத்து வீட்டுப் பெண் மூச்சு வாங்க வந்தாள். "ஏட்டி, வா போவோம்" என்று கையைப் பிடித்தாள். பிள்ளை எனக்கு டாட்டா சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடமும் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் மதுரையிலிருந்து திரும்பிய சித்தப்பா பிள்ளையைக் கொண்டுவந்து விட்டான். டிபன் டப்பா இல்லை. என் டப்பாவிலிருந்து புளிச்சாதம் கொடுத்தேன். பாதி சாப்பிட்டாள்.